லோ ஆனதை முதலில் பார்த்தது ஆயாம்மாதான்

விருதுநகர் அம்மா:

என் மகளுக்கு ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை வந்தது. இது மூன்றாவது வருடம். ஊசிக்குப் பழகிவிட்டோம், நாளைக்கு நான்கு. மனிதர்களுக்குப் பதில் சொல்லத்தான் இன்னும் பழகவில்லை. கல்யாண வீடுகளில் "சின்னப் பிள்ளைக்கு எப்படி சுகர் வரும், மிட்டாய் நிறையக் கொடுத்தீங்களோ?" என்பார்கள். மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அவள் உடம்பே அழித்துவிட்டது என்று ஒவ்வொரு பந்தியிலும் விளக்கினேன். இப்போதெல்லாம் "ஆமா" என்று சொல்லிவிட்டு சாம்பார் வாங்கிக்கொள்கிறேன்.

பெரியத்தையிடம் மட்டும் அப்படி விட முடியாது. ஆவாரம்பூக் கஷாயம் குடித்தால் ஊசியை நிறுத்திவிடலாம் என்பார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இன்சுலின் நின்றால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஐசியூ வாசலில்தான் போய் நிற்போம். நோயைக் கண்டுபிடித்த வாரம் அங்கேதான் நின்றோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் அழுகிய பழ வாசம். முதலில் காட்டிய இடத்தில் சிறுநீர்த் தொற்று என்று மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது பள்ளிக்கூடத்தில் நடந்தது. சேர்த்த நாளிலேயே தலைமையாசிரியருக்குக் கடிதம், வகுப்பு டீச்சருக்கு ஓர் அட்டை, லேமினேட் செய்து. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் (இதைத்தான் 'லோ' என்போம்) என்ன செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். ஒருநாள் விளையாட்டு பீரியட் முடிந்து வந்தவள் "மிஸ், ஒரு மாதிரி இருக்கு" என்றிருக்கிறாள். பெல் அடிக்கட்டும் என்று சொல்லி ஒரு சாக்லெட் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். சாக்லெட்டில் உள்ள கொழுப்பு, சர்க்கரையை ரத்தத்தில் சட்டென்று சேரவிடாது. அட்டையில் அதுவும் இருந்தது.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். யாரிடமும் கேட்காமல் உள்ளே போய், சத்துணவுக் கூடத்திலிருந்து மூன்று ஸ்பூன் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தார். அப்புறம்தான் பையிலிருந்த மீட்டரை எடுத்துப் பார்த்தார்கள், 58. கால் மணி நேரம் கழித்து 84. நான் ஓடிப் போனபோது பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "எங்க வீட்டுக்காரரும் ஊசி போடுறவருதாம்மா. ராத்திரியில இப்படித்தான் வேர்த்துப்போய், கூப்பிட்டா பேசாம உட்கார்ந்திருப்பாரு." அந்த அட்டையின் இன்னொரு பிரதியை ஆயாம்மாவிடம் கொடுக்கப் போனேன். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, டீச்சருக்கே இன்னொண்ணு குடுங்க" என்று சிரித்தார்.

திருப்பூர் அப்பா:

எங்களுக்கு இன்சுலின் பென் (பேனா மாதிரி இருக்கும் ஊசி) கட்டுப்படியாகாது, குப்பியும் சிரிஞ்சும்தான். குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் மருந்து, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். போன வருடம் கடையில் ஆரஞ்சு மூடி கொடுத்தார்கள். நானும் கவனிக்கவில்லை, அளவுக்கோடு ஒன்றுதானே என்று நினைத்தேன். மூன்று நாளாகப் பையனுக்கு 300-க்குக் கீழே இறங்கவே இல்லை. திருட்டுத்தனமாக எதையோ தின்றான் என்று அவனைத் திட்டியும்விட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தால் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "மூடி என்ன கலர் சார்?" ஆரஞ்சு 100 யூனிட் மருந்துக்கானது. 10 கோடு வரை இழுத்தாலும் உள்ளே போனது 4 யூனிட்தான். தலைகீழாக, 100 மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்திருந்தால் இரண்டரை மடங்கு போயிருக்கும். நினைத்தாலே நடுங்குகிறது.

கல்லூரி மாணவி, சென்னை:

எனக்கு ஒன்பது வயதிலிருந்து இருக்கிறது அக்கா. சிபிஎஸ்இ-யில் 2017 முதல் எங்களைப் போன்றவர்கள் பரீட்சைக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோகலாம். டாக்டர் சான்றிதழை பள்ளி வழியாக அனுப்ப வேண்டும். பொருள் கண்காணிப்பாளரிடம்தான் இருக்கும். பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சையில் வந்தவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை டிராயரில் வைத்துவிட்டார். முகத்தைப் பார்த்து, கேட்டால் தரமாட்டார் என்றே நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனதும் அவராகவே வந்து, ஒரு வாழைப்பழத்தை உரித்து விடைத்தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

விருதுநகர் அம்மா:

திருப்பூர் அண்ணா, பென் மக்கர் செய்தால் இருக்கட்டும் என்று நாங்களும் ஒரு 40 குப்பி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம். இப்போதுதான் எழுந்துபோய் சிரிஞ்சைப் பார்த்துவிட்டு வந்தேன். சிவப்புதான்.