பிரெடரிக்ஸ்பர்க் ஒப்பந்தம் ஒருபோதும் மீறப்படவில்லையா?

கல்வெட்டு:
டெக்சாஸ் சுற்றுலா இழையில் மலைநாட்டான் எழுதியிருக்கிறார்: “ஜெர்மானியர்கள் உருவாக்கிய பிரெடரிக்ஸ்பர்க், 1847-இல் கோமான்சே என்ற அமெரிக்கப் பழங்குடியினரோடு போட்ட சமாதான ஒப்பந்தம் இன்றுவரை மீறப்படவே இல்லை.” படித்ததும் எரிச்சலாக வந்தது. சுற்றுலாப் பலகையில் இருப்பதை ஒப்பிப்பது வரலாறு ஆகாது. 1865-இல் அதே ஊருக்குப் பக்கத்தில் ருடால்ஃப் ஃபிஷர் என்ற ஜெர்மன் குடும்பத்துப் பையனைத் தூக்கிக்கொண்டு போனது யார்? கோமான்சேக்கள்தான். அவனுக்கு 13 வயது. பதில் சொல்லுங்கள்.

மலைநாட்டான்:
வந்துவிட்டாரா! ஒரு பையனைப் பிடித்துத் தொங்குவதற்கு முன் அந்த ஊர் எப்படி வந்தது என்று பாருங்கள். டெக்சாஸில் நிலம் தருகிறோம் என்று சொல்லி ஜெர்மன் பிரபுக்கள் சங்கம் ஆட்களைக் கப்பலேற்றியது. கடற்கரையில் இறக்கிவிட்ட நேரத்தில் மெக்சிகோவோடு போர் வந்துவிட்டது. வண்டிகளையெல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டது. மழையிலும் சேற்றிலும் நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பிழைத்தவர்கள்தான் 1846 மே 8 அன்று பிரெடரிக்ஸ்பர்க்கில் வண்டியை நிறுத்தினார்கள். அடுத்த வருடமே சங்கத்தின் சார்பில் குடியேற்றத்தை நடத்திய ஜான் மியூசபாக் சான் சாபா ஆற்றங்கரைக்கு நேரில் போனார். கோமான்சே வீரர்கள் அணிவகுத்து நிற்க, அவரும் கூட வந்தவர்களும் துப்பாக்கிக் குண்டுகளை வானத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டு வெறும் துப்பாக்கியோடு அவர்கள் முன் போனார்கள். அந்தத் துணிச்சல் உங்களுக்குப் பலகையாகத் தெரிகிறதா?

கல்வெட்டு:
துணிச்சலை நான் கேட்கவில்லை. மீறப்பட்டதா இல்லையா? ருடால்ஃப் ஃபிஷர். 1865. கோமான்சே.

ஆஸ்டின் மீனா:
கல்வெட்டு சார், கையெழுத்துப் போட்டது பெனாடெக்கா பிரிவுத் தலைவர்கள். எருமைத் திமில், சாண்டா அன்னா, முதிய ஆந்தை என்று பெயர் போன ஆட்கள். மற்ற கோமான்சே பிரிவுகள் அதில் சேரவில்லை. எவனோ செய்ததற்கு இவர்களை எப்படிக் குற்றம் சொல்வது?

கல்வெட்டு:
பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பிரிவு பார்த்தா அழுவாள்? “கோமான்சேக்களோடு ஒப்பந்தம், மீறப்படவில்லை” என்று எழுதும்போது பிரிவு ஞாபகம் வரவில்லை. மாட்டிக்கொண்டதும் பெனாடெக்கா வந்துவிட்டார்கள். கேள்வி மாறவில்லை. ஃபிஷரைத் தூக்கியது யார்?

கரிசல்குயில்:
அப்புறம் ஹெர்மன் லேமன் என்ற ஜெர்மன் பையன்? 1870-இல் அவனையும் தூக்கிக்கொண்டு போனார்களே. அதுவும் மியூசபாக் கடைசிக் காலத்தில் குடியிருந்த லாயல் வேலிப் பக்கத்திலேயே.

மலைநாட்டான்:
லேமனைத் தூக்கியது அபாச்சிகள், வேறொரு பழங்குடி. கோமான்சேக்களோடு அவன் சேர்ந்தது பிறகு. அரைகுறையாகப் படித்துவிட்டு வரவேண்டாம். போன மாதம் நியூ பிரான்ஃபெல்ஸ் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

கரிசல்குயில்:
அந்த இழையில் 1845-இல் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற இன்னொரு ஜெர்மன் ஊரைத் தொடங்கிய, மியூசபாக்குக்கு முன் குடியேற்றத்தை நடத்திய இளவரசர் கார்லைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் சரி. ஊரைத் தொடங்கிய சில மாதத்திலேயே கடனை மியூசபாக் தலையில் கட்டிவிட்டு ஜெர்மனிக்குப் போனவர் அவர். அங்கேயும் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

கல்வெட்டு:
இளவரசரை விடுங்கள். மறுபக்கத்தையும் பாருங்கள். கையெழுத்துப் போட்ட பெனாடெக்காக்கள் என்ன ஆனார்கள்? 1849 காலராவில் பெருவாரியாகச் செத்தார்கள். மிச்சப்பட்டவர்களை 1855 வாக்கில் பிராஸோஸ் ஆற்றுப் பக்கம் ஒதுக்கிடத்தில் அடைத்தார்கள். 1859-இல் டெக்சாஸை விட்டே துரத்தினார்கள். 3,000 டாலர் மதிப்புள்ள பொருள்களைக் கொடுத்துவிட்டு, லானோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிலம் அளக்க அனுமதி வாங்கியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அனுமதி கொடுத்தவன் மண்ணில் இல்லை. இதைத்தான் மீறாத ஒப்பந்தம் என்று கொண்டாடுகிறீர்கள்.

ஆஸ்டின் மீனா:
துரத்தியது டெக்சாஸும் அமெரிக்க அரசும். ஜெர்மன் விவசாயி இல்லை. அந்த ஜெர்மானியர்களே டெக்சாஸ் அமெரிக்காவிலிருந்து பிரிவதற்கு எதிராக வாக்களித்தவர்கள். அதற்காக 1862-இல் நியூசெஸ் ஆற்றங்கரையில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையிடம் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். கம்ஃபர்ட் ஊரில் அவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

கல்வெட்டு:
உள்நாட்டுப் போர் தனிக் கதை. இங்கே கேள்வி ஒன்றுதான். மீறப்பட்டதா?

கடற்படை ரசிகன்:
இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடற்படையை நடத்திய அட்மிரல் நிமிட்ஸ் 1885-இல் பிறந்த ஊர் இது. அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லையே!

மலைநாட்டான்:
நன்றி, ரசிகன். ஊரின் பெருமையைப் பேச ஒருவராவது வந்தீர்கள். நானே நேரில் பார்த்துவிட்டு வந்தவன். மார்க்ட்பிளாட்ஸ் என்ற ஊர்ச் சதுக்கத்தில் அந்த எட்டு மூலைத் தேவாலயம் 1847-லிருந்து அப்படியே நிற்கிறது. படமும் போட்டிருக்கிறேன்.

கல்வெட்டு:
அப்படியே நிற்கிறதா? அசல் கட்டடம் நடுத்தெருவில் இருந்தது. 1897-இல் இடித்துவிட்டார்கள். நீங்கள் படம் எடுத்தது 1930-களில் கட்டிய நகல். கண் முன்னால் இருக்கிற கட்டடத்தின் வயதே தெரியாதவர் ஒப்பந்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்.

மலைநாட்டான்:
நகலோ அசலோ, வடிவம் அதேதான். காப்பி அரைக்கும் யந்திரம் மாதிரி இருக்கிறது என்று அன்றே ஊர்க்காரர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். தேவாலயத்தை இழுத்து ஒப்பந்தத்தை மறைக்காதீர்கள். பெனாடெக்காக்கள் மீறினார்கள் என்பதற்கு இதுவரை ஒரு சம்பவம்கூட நீங்கள் காட்டவில்லை.

கல்வெட்டு:
தேவாலயத்தை இழுத்தது நீங்கள். சம்பவம் முதல் பதிவிலேயே இருக்கிறது. ருடால்ஃப் ஃபிஷர்.

கரிசல்குயில்:
அந்த ஃபிஷர் பிறகு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தும் தங்காமல் மறுபடி கோமான்சேக்களிடமே போய்விட்டார். அதையும் எழுதுங்கள்.

கல்வெட்டு:
அவர் திரும்பிப் போனால் தூக்கிக்கொண்டு போனது இல்லையென்று ஆகிவிடுமா?

மலைநாட்டான்:
பெனாடெக்கா. நான்காவது முறையாகச் சொல்கிறோம், பெனாடெக்கா.

கரிசல்குயில்:
முதலில் இளவரசர் கார்ல் விஷயத்தில் நான் சொன்னது சரி என்று எழுதுங்கள், மலைநாட்டான். மற்றதைப் பிறகு பேசலாம்.