பொருள்: 'இண்டராக்டிவ் டிரான்சிஷனல் ஸ்பேஸ்' தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மார்த்தாண்டத்திலிருந்து:
வணக்கம். பாலிடெக்னிக் செய்முறைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. தாழ்வாரம், மாடிப்படி, நுழைவாயில் என்று யாரும் தங்காமல் கடந்துபோகிற இடங்களில் சென்சார் வைத்து, ஆள் வந்தால் ஒளியோ ஒலியோ எழச் செய்யும் பாடம். 2009-இல் ஸ்டாக்ஹோம் ஓடன்பிளான் மெட்ரோ நிலையத்தில் படிகளைப் பியானோ கட்டைகளாக்கினார்களே, அந்த வகை. 'ஊடாடும் இடைநிலை வெளி' என்று போட்டிருக்கிறேன். வாயில் நுழையவில்லை.

செங்கோட்டையிலிருந்து:
சொல் நம்மிடமே இருக்கிறது: இடைகழி. திருக்கோவலூரில் நின்று பொய்கையாழ்வார் 'வாசல் கடைகழியா உள்புகா' என்கிறார். பெருமாள் வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் புகவில்லை, இடைகழியில் நிற்கிறார். இதைவிட வரையறை வேண்டுமா? ரேழி என்பதே இடைகழியின் தேய்வு. மலையாளத்தில் இன்றும் இடநாழி. நாழி மூங்கில் குழாய் அல்லவா, குழாய்போல் நீண்ட வழி என்பது என் ஊகம். ஆக, 'ஊடாடும் இடைகழி'.

களியக்காவிளையிலிருந்து:
ஐயா, ஊடாடுவது என்றால் நடுவே போய்வந்து புழங்குவது. அப்படிப் பார்த்தால் எல்லா இடைகழியும் ஊடாடும் இடைகழிதான், சென்சார் எதற்கு? மாடிப்படியை இடைகழி என்று யாரும் சொல்வதும் இல்லை. 'உணர்நடை' எப்படி? குமரிப் பக்கம் படியும் நடை, வாசலும் நடை.

கையேட்டில் ஒரு பிழை. உடல் வெப்பம் நகர்வதை உணரும் பிஐஆர் சென்சாரைத் தாழ்வாரக் கோடியில், வருகிறவருக்கு நேரெதிரே வைத்திருக்கிறீர்கள். குறுக்கே நகரும் வெப்பத்தைத்தான் அது சட்டெனப் பிடிக்கும். நேரே வருபவரைக் கிட்ட வந்த பிறகே காணும். பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். வெயில் விழும் சுவரைப் பார்க்க வைத்தால் ஆளில்லாமலே விளக்கு எரியும். மின்சாரம் கொடுத்த முதல் 1 நிமிடம் அதன் பேச்சை நம்பவே வேண்டாம்.

சித்தூரிலிருந்து (பாலக்காடு):
உணர்நடை வினைத்தொகை, உணர்ந்த, உணர்கின்ற, உணரும் என முக்காலமும் விரியும். சென்சாருக்கு நிகழ்காலம் மட்டும்தானே? அதுபோக, உரைநடையின் தங்கை என்று நினைப்பார்கள். ஆனாலும் வேறு நல்ல சொல் தோன்றவில்லை.

படிக் கைப்பிடியில் ஒட்டும் விளக்குப் பட்டை 3 மீட்டர், மீட்டருக்கு 60 வீதம் 180 எல்இடி. முழு வெள்ளைக்கு ஒன்றுக்கு 60 மில்லி ஆம்பியர் என்றால் 10.8 ஆம்பியர் ஆகிறது. நீங்கள் 2 ஆம்பியர் அடாப்டர் போட்டிருக்கிறீர்கள்! 5 வோல்ட்டை இரு முனையிலும் கொடுங்கள், இல்லாவிட்டால் தூரத்து முனையில் வெள்ளை சிவந்துவிடும்.

களியக்காவிளையிலிருந்து:
இறந்தகாலமும் உண்டு சாரே. எச்.சி.-எஸ்.ஆர்.501 என்ற பிஐஆர் சென்சார் பலகையில் இரண்டு பிரீசெட் (திருகி அளவு வைக்கும் குமிழ்): ஒன்று தூரத்துக்கு, ஒன்று நேரத்துக்கு. நேரத்தைக் கூட்டினால் ஆள் போய் 5 நிமிடம்வரை 'உணர்ந்த' நடையாகவே நிற்கும். படிக்குக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். இல்லையென்றால் பின்னால் வருகிறவருக்கு எதுவும் மாறாது. எதிர்காலத்துக்குத்தான் வழியில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:
உணர்நடைக்கு இருவர், எதிர்ப்பு ஒருவர், சலித்துப்போனவன் நான். அட்டையில் 'உணர்நடை', கீழே சிறிய எழுத்தில் 'சென்சார் வைத்த தாழ்வாரமும் படியும்'. பாடத்துக்குள் சென்சார் சென்சாராகவே இருக்கும். கடையில் போய் உணரி கேட்டால் யார் தருவார்கள்? அடாப்டரைத் திருத்தியாயிற்று.

செங்கோட்டையிலிருந்து:
என் மறுப்பு பதிவாகட்டும். 'நடை சாத்தியாச்சு' என்றால் கோயில் மூடியதாகத்தான் பொருள். நிற்க, இடநாழியின் நாழி பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.