கியூபன் சல்சா: 4ல நிக்க ஏலாம இருக்கு, தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ

வெள்ளவத்தைப் பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும். கியூபன் சல்சா, கசினோ எண்டு சொல்றது, பழகத் தொடங்கி மூண்டு மாசம். கிளாஸ்ல டீச்சர் வாயால 1 2 3, 5 6 7 எண்டு எண்ணேக்க கால் ஒழுங்காத்தான் போகுது, குவாப்பேயா, தீலே கே நோ, என்சூஃப்லா எண்ட அடிப்படை அசைவுகள் மூண்டும் பிழையில்லாம வருது. பாட்டப் போட்டவுடன எல்லாம் குழம்புது. மனசுக்குள்ள எண்ணிக்கொண்டுதான் ஆடுறன், ஆனா 4ல நிக்கவேண்டிய இடத்தில கால் தானாப் போய் நிலத்தில வச்சிடுது, பிறகு 5ல எந்தக் கால் எண்டு தெரியாம நிண்டுடுவன், என்னோட ஆடுற பிள்ளைக்கும் அந்தரம். டீச்சர்ட்ட கேட்டா மியூசிக்க ஃபீல் பண்ணுங்கோ எண்டுறார். எதை ஃபீல் பண்றது எண்டுதான் எனக்குத் தெரிய வேணும்.

இன்னொண்டும் கேக்கோணும். யூடியூப்ல கியூபாவில வயசான சோடி ஒண்டு ஆடுறதப் பாத்தன், அவை 1ல கால் வைக்கவே இல்ல, 2லதான் தொடங்கினம். அப்ப நாங்க பழகுறது பிழையோ?

தாளக்காரி:
தம்பி, எனக்கும் முதல் வருசம் முழுக்க இதே கதைதான், அதால என்ன செய்து சரியாக்கினன் எண்டு விவரமாவே சொல்றன். நான் சின்னனில பம்பலப்பிட்டியில பரதம் பழகினனான், ஆதி தாளம் கையில ஊறிப்போய் இருந்தது. அதுவும் 8, இதுவும் 8. கையில தாளத்தப் போட்டுப் பாருங்கோ, 1 தட்டு, 2 சின்னவிரல், 3 மோதிரவிரல், 4 நடுவிரல், பிறகு 5 தட்டு 6 வீச்சு 7 தட்டு 8 வீச்சு. நடுவிரலுக்கும் கடைசி வீச்சுக்கும் கால் இல்ல. வாயால தகதிமி தகதிமி எண்டு சொல்லிக்கொண்டு த, க, தி மூண்டுக்கும் காலை வையுங்கோ, மி வாயில மட்டும் வரட்டும். எண்ணிக்கையில 4 எண்ட சொல்ல விழுங்கிறபடியால அந்த நேரமும் சுருங்கிப் போயிடுது, மி எண்டு சொல்லேக்க அதின்ட அளவு குறையாது.

ஆனா மி வரேக்க சும்மா கல்லு மாதிரி நிண்டாலும் சரிவராது. 3ல வச்ச காலுக்கு ரெண்டு அடி நேரம் இருக்கு, அந்த நேரம் முழுக்க உடம்புப் பாரம் அந்தக் காலுக்குள்ள இறங்கிக்கொண்டே இருக்கோணும். அரைவாசிப் பாரத்தோட நிண்டா மற்றக் கால் சும்மா இருக்குமோ, 4ல வந்து விழத்தான் செய்யும். சோதிச்சுப் பாக்கிறது லேசு: 3ல கால் வச்ச உடன மற்றக் காலை நிலத்தில இருந்து ஒரு விரற்கடை தூக்குங்கோ. தள்ளாடினா பாரம் இன்னும் போய்ச் சேரேல்ல. நான் குசினியில தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கிற வரைக்கும் இதத்தான் செய்வன், இப்பவும்.

கால் வைக்கிற விதமும் பாருங்கோ. பரதத்தின்ட தட்டடவில பாதம் முழுக்க நிலத்தில அடிச்சுப் பழகின ஆக்களுக்கு இதுதான் மாத்தக் கஷ்டம். இதில முன்பாதம் முதல்ல தொடும், பிறகு குதி இறங்கும், முழங்கால் மெல்ல நிமிரேக்க அந்தப் பக்கத்து இடுப்பு தானா வெளிய போகும். இடுப்பத் தனியா ஆட்ட வெளிக்கிட்டா நேரம் பிந்தும்.

கொட்டாஞ்சேனை பேஸ்:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் கலியாண வீடுகளில பேஸ் கிற்றார் வாசிக்கிறனான், அதால தம்பின்ட கால் ஏன் 4ல போகுது எண்டு எனக்கு விளங்குது. எங்கட சினிமாப் பாட்டில 1 வரேக்க பேஸும் ட்ரம்ஸும் சேந்து டொம் எண்டு விழும், சின்னனில இருந்து அதுக்குத்தான் கால் தட்டி வளந்தனாங்கள். சல்சாவில பேஸ் 2க்கும் 3க்கும் நடுவில ஒருக்கா, பிறகு 4ல ஒருக்கா வரும், அந்த 4ல வாற நோட் அப்பிடியே 1க்கு மேலால இழுபட்டுப் போகும். மற்ற 4க்கும், அதாவது 5ல இருந்து 8க்கும் அப்பிடித்தான். 1ல பேஸ் புதுசா ஒண்டும் வாசிக்கிறதில்ல. நீங்க பழக்கத்தில பேஸத் தேடுறீங்கள், அது 4ல கிடைக்குது, கால் போய் விழுது. உங்கட காது நல்லாத்தான் கேக்குது, கேக்கிற வாத்தியத்த மட்டும் மாத்துங்கோ.

ரெண்டு வாத்தியம் சொல்றன். முதலாவது கொங்கா, கையால அடிக்கிற உயரமான மேளம். 2ல டக் எண்டு ஒரு அறை, 4ல டும் டும் எண்டு ரெண்டு திறந்த அடி, ரெண்டாவது டும் 4க்கும் 5க்கும் நடுவில. அந்த டும் டும் கேக்கேக்க காலை வைக்காதேங்கோ, அது முடிஞ்ச உடன வாறதுதான் உங்கட 5, அதே மாதிரி 8ல வாற டும் டும் முடிஞ்சா உங்கட 1. அடுத்தது மணி, பாட்டு சூடு பிடிச்சு கோரஸ் ஆக்கள் திரும்பத் திரும்பப் பாடுற இடத்தில பொங்கோ எண்ட சின்னச் சோடி மேளம் வாசிக்கிறவர் அதை வச்சிட்டு கையில மணிய எடுப்பார், அதின்ட பெரிய சத்தம் 1 3 5 7ல விழும். வழி தவறினா அந்த மணியப் பிடிச்சு உள்ள வரலாம். கிளாவே எண்டு ரெண்டு கட்டையத் தட்டி வாசிக்கிற தாளத்தப் பிறகு பழகலாம், அது 1, 2க்கும் 3க்கும் நடு, 4, பிறகு 6, 7, சில பாட்டில திருப்பிப் போட்டும் வரும், இப்ப அதை எண்ணப் போனா உள்ளதும் குழம்பும்.

இன்னொரு விசயம், எங்கட ஊர்த் துள்ளல் பாட்டு பைலா. கொழும்பில பிறந்து வளந்த எல்லாருக்கும் உடம்புக்குள்ள 6/8 இருக்கு, ஒரு அடிக்குள்ள மூண்டு மூண்டாத் துள்ளும், உடம்பு மேல போகும். கசினோவில முழங்கால் மடிஞ்சு உடம்பு கீழ இருக்கோணும். பைலா எனக்கு உயிர், ஆனா அந்தத் துள்ளலோட கசினோவுக்க வந்தா நேரம் முந்திப்போகும்.

மரைன் டிரைவ் நடை:
ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றன். ரெண்டுமே சரி. 1ல தொடங்குறத ஆ தியெம்போ எண்டுவினம். நீங்க பாத்த சோடி ஆடினது கொந்த்ரா தியெம்போ, 2 3 4, 6 7 8ல கால் போகும், 1லயும் 5லயும் நிக்கும். சோன் எண்ட பழைய கியூபன் நடனம் அப்பிடித்தான், கசினோவுக்கு அதுதான் தாய். 1950கள்ல ஹவானாவில கசினோ டெப்போர்த்தீவோ எண்ட கிளப்பில சோடிகள் வட்டமா நிண்டு, ஒரு ஆள் கத்திச் சொல்லச் சொல்ல ஆள் மாத்தி ஆடினவை, அந்த வட்டத்துக்குத்தான் ருவேதா எண்டு பேர், நடனத்துக்குப் பேரும் அந்தக் கிளப்பால வந்தது. சல்சா எண்ட பேர் பிறகு நியூயோர்க்கில பரவினது. அங்க 2ல ஆடுறம் எண்டு சொல்றது வேற சங்கதி, எடி டொரஸ் எண்ட நடன ஆசிரியர் பரப்பின அந்த ஸ்டைல்ல கால் 1 2 3, 5 6 7லதான் போகும், முன்னுக்குப் பின்னுக்குத் திசை மாறுறது மட்டும் 2லயும் 6லயும்.

பேஸ் அண்ணா சொன்னத வச்சுப் பாருங்கோ, கொந்த்ரா தியெம்போவில 4லயும் 8லயும் கால் விழுகுது, பேஸும் அங்கதான். அந்த வயசான சோடி பேஸோட நடக்கினம். உங்களுக்கும் அந்த நாள் வரும், ஆனா இப்ப ரெண்டையும் கலக்க வேண்டாம்.

பாட்டுத் தெரிவும் முக்கியம். லொஸ் வான் வான் 1969ல தொடங்கின கியூபா இசைக்குழு, எனக்கு நல்ல விருப்பம், ஆனா அவையின்ட வேகமான பாட்டில ஆரம்பத்தில பழகினா கால் ஓடத்தான் பாக்கும். மெதுவான பழைய சோன் பாட்டு நாலஞ்சு எடுத்து, பின்னேரம் கடற்கரையோரம் இயர்ஃபோன் போட்டு நடங்கோ. சுழலாதேங்கோ, கை வேண்டாம், வெறும் நடை, த க தி மி.

வெள்ளவத்தைப் பொடியன்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. மூண்டு இரவா ஃப்ளாட் மொட்டை மாடியில நடந்தன், கீழ் வீட்டு ஆக்களுக்குச் சத்தம் கேக்கக்கூடாது எண்டு வெறுங்காலோட. முதல் நாள் கொங்கா கேக்கவே இல்ல, பாடுறவரின்ட குரல் மட்டும்தான். நேற்று திடீரெண்டு அந்த டும் டும் பிடிபட்டுது, பிடிபட்ட பிறகு அது இல்லாம பாட்டக் கேக்க ஏலாம இருக்கு! 4ல இப்ப நிக்கிறன். ஆனா குவாப்பேயாவில 1ல பின்னுக்குப் போனா 2க்குத் திரும்பி வரப் பிந்துது.

தாளக்காரி:
சந்தோசம் தம்பி. எட்டிப் பின்னுக்கு வைக்கிறீங்கள் போல, பாரம் குதிக்குப் போயிருக்கும். நிலத்தில உள்ள டைல்ஸப் பாருங்கோ, இடது கால் அரை டைல்ஸுக்கு மேல பின்னுக்குப் போகக்கூடாது, முன்பாதம் மட்டும் தொடட்டும், நெஞ்சு அந்தப் பிள்ளைக்கு நேர இருந்த இடத்திலயே இருக்கோணும்.