புது மானிட்டர் மாட்டியதிலிருந்து கணினியில் சத்தமே இல்லை

திருவான்மியூர்வாசி:
வணக்கம். ஏழு வருடப் பழைய கணினி, விண்டோஸ் 10. சனிக்கிழமை பழைய மானிட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். படம் பளிச்சென்று இருக்கிறது, சத்தம்தான் போய்விட்டது. ஸ்பீக்கரைக் கைப்பேசியில் செருகினால் ஒழுங்காகப் பாடுகிறது. கடைக்காரர் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று 4,500 ரூபாய் கேட்கிறார். மார்கழி பிறந்துவிட்டது. சபாக்களின் படியேற என் முழங்கால் இடம் தராது. வீட்டில் கேட்டால்தான் உண்டு.

அவசரக்காரன்:
விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்.

பெரம்பூர்த் தம்பி:
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறீர்களே! ஐயா, எதையும் அழிக்காதீர்கள். பழைய மானிட்டருக்கு விஜிஏ கேபிள், புதியதற்கு எச்டிஎம்ஐ, சரிதானா? பாட்டு ஓடும்போது திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து வால்யூம் மிக்சரைத் திறந்து பாருங்கள். பச்சைக் கோடு ஏறி இறங்குகிறதா?

திருவான்மியூர்வாசி:
எச்டிஎம்ஐதான் தம்பி. பச்சைக் கோடும் துள்ளுகிறது.

பெரம்பூர்த் தம்பி:
அப்படியென்றால் மதர்போர்டின் மேல் பழி போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். கணினி பாடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் வேறு வாசலில் நின்று. விஜிஏ கேபிளில் படம் மட்டும் போகும். எச்டிஎம்ஐயில் ஒலியும் சேர்ந்து போகும். அதனால் விண்டோஸ் ஒலியை மானிட்டருக்கு அனுப்புகிறது. உங்கள் மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் எப்படிக் கேட்கும்? அதே ஸ்பீக்கர் படத்தை இடது கிளிக் செய்யுங்கள். மேலே ஒரு பெயரும் அம்புக்குறியும் தெரியும். அதை அழுத்தினால் பட்டியல் விரியும். மானிட்டரின் பெயரை விட்டுவிட்டு ரியல்டெக் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் உங்கள் ஸ்பீக்கர் செருகியிருக்கும் கணினியின் சொந்த ஒலிப் பகுதி.

திருவான்மியூர்வாசி:
வந்துவிட்டது தம்பி! ஆனால் ஒரு விசித்திரம். வயலினும் மிருதங்கமும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கின்றன. பாடுகிறவரின் குரலை மட்டும் காணோம்!

பழைய ரேடியோ மெக்கானிக்:
இந்த விசித்திரத்துக்காகத்தான் நான் உள்ளே வருகிறேன். ஸ்பீக்கர் பிளக்கை உற்றுப் பாருங்கள். நுனி இடப்பக்க ஒலிக்கு, நடு வளையம் வலப்பக்கத்துக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். அந்த எர்த் தொடாவிட்டால் இரு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்கு வரும். பாடகரின் குரலை இரு பக்கமும் சமமாகப் பதிவு செய்வார்கள். ஒன்றை ஒன்று தின்றுவிடும். வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்பதால் அவை தப்பிக்கின்றன. கைப்பேசியில் ஒழுங்காகப் பாடியதால் ஒயரில் பழுது இருக்காது. மானிட்டரைக் கழற்றும்போது பிளக்கை இழுத்துவிட்டீர்களா? கணினியை அணைத்துவிட்டு, பின்புறப் பச்சைத் துளையில் பிளக்கை நான்கைந்து முறை செருகி எடுத்து, கடைசியில் ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் துளைக்குள் களிம்பும் ஏறும்.

திருவான்மியூர்வாசி:
மேசைக்கடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். பிளக் பாதிதான் உள்ளே இருந்தது. அழுத்தினேன், ‘டக்’. பாடகி சரியாக நிரவலில் திரும்பி வந்தார். முழங்கால்தான் இப்போது தனி ஆவர்த்தனம் வாசிக்கிறது.

பெரம்பூர்த் தம்பி:
மானிட்டரை அணைத்துப் போடும்போது ஒலி மறுபடி அங்கே தாவினால், சவுண்ட் அமைப்பில் பிளேபேக் பகுதிக்குப் போய் மானிட்டரின் பெயரை வலது கிளிக் செய்து ‘டிசேபிள்’ கொடுத்துவிடுங்கள் ஐயா.