கங்காரூஸ் டூர்: அப்போ 20 ஆட்டத்துக்கு மேல, இப்போ 3 தானா?

முல்லைநகர்_கோல்போஸ்ட் (வியாசர்பாடி)
ஆஸ்திரேலியா ரக்பி லீக் டீம், அதான் கங்காரூஸ், 2025ல இங்கிலாந்து போய் 3 டெஸ்ட் (நாட்டு டீமுங்க மோதுற ஆட்டம்) ஆடிச்சு இல்ல, அதோட ஹைலைட்ஸை நம்ம ஃபுட்பால் பசங்களுக்குப் போட்டுக் காட்டினா ஆளுக்கு ஒரு கேள்வி கேக்குறானுங்க. 26-6ன்னு ஸ்கோர் எப்படி வருது? பழைய டூர்ல இருபது, இருபத்திரண்டு ஆட்டம்னு போட்டிருக்கு, இப்போ ஏன் மூணு? டிவியில வேற ரக்பியில 15 பேர் இருக்காங்க, இதுல 13 தான், ஏன்? கடைசியா, நம்ம கட்டாந்தரையில இதை ஆட வைக்க முடியுமா?

ராயபுரம்_ரைடு
கபடி தெரிஞ்ச பசங்களுக்கு இது சுலபம். கபடியில ரைடரைப் பிடிச்சா ஆள் அவுட். இங்க பிடிச்சாலும் அவுட் இல்ல, பந்தும் அவன்கிட்டயே இருக்கும், டாக்கிள் கணக்கு மட்டும் ஒண்ணு ஏறும். பிடிபட்டவன் எழுந்து பந்தைத் தரையில வச்சு காலால பின்னாடி உருட்டணும். அதுக்குள்ள எதிர் டீம் 10 மீட்டர் பின்வாங்கி நிக்கணும். நேர் எதிர்ல ரெண்டு பேர் வரைக்கும் நிக்கலாம். ஆறாவது தடவை பிடிபட்டா பந்து எதிராளிக்கு. அதனாலதான் அஞ்சு முடிஞ்சதும் பெரும்பாலும் உதைச்சுடறாங்க. கூட ஒரு வில்லங்கம்: சொந்த 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலேருந்து உதைச்ச பந்து, தரையில குத்தி, எதிராளியோட 20 மீட்டர் கோட்டுக்குள்ள ஓரத்தைத் தாண்டினா உதைச்சவங்களுக்கே திரும்பக் கிடைக்கும். 40/20ன்னு கமென்டரியில கத்துறது இதைத்தான்.

ட்ரை (எதிராளியோட கோல் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில வைக்கிறது) 4 புள்ளி, அதுக்கப்புறம் கம்பத்துக்கு மேல அடிக்கிற உதை 2, பெனால்டி உதை 2, ட்ராப் கோல் (ஆட்டத்துக்கு நடுவுல பந்தைத் தரையில குத்த விட்டு கம்பத்துக்கு மேல உதைக்கிறது) 1. ஆக 6ன்னா ஒரு ட்ரையும் உதையும்னு பெரும்பாலும் எடுத்துக்கலாம். ஆனா மூணு பெனால்டியாவும் இருக்கலாம். 4ன்னு இருந்தா இன்னும் மோசம், ஒரு ட்ரையா ரெண்டு பெனால்டியான்னு ஸ்கோரைப் பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது.

பெரம்பூர்_சங்கு
ரைடு சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம். ஆஸ்திரேலியாவோட கிளப் லீக்கான என்.ஆர்.எல்.ல 2021லேருந்து 40 மீட்டருக்கு வெளியேயிருந்து ட்ராப் கோல் அடிச்சா 2. பழைய ஸ்கோரைப் படிக்கிறப்ப இன்னொண்ணு: 1983 வரைக்கும் ட்ரைக்கு 3 தான். 1982ல ஹல் நகரத்துல ஆஸ்திரேலியா 40-4னு ஜெயிச்ச டெஸ்ட்டை இன்றைய கணக்குல போட்டா இன்னும் கேவலமா இருக்கும்.

13 பேர் கதைக்கு நம்ம ஏரியாக்காரன்தான் சரியான ஆள். இங்கிலாந்து வடக்குல மில்லு, சுரங்கத் தொழிலாளிங்க சனிக்கிழமை மேட்சுக்குப் போனா அன்னிக்குக் கூலி கட். அந்தக் கூலியைக் கிளப் குடுக்கலாமா கூடாதாங்கிற தகராறுலதான் 1895 ஆகஸ்ட் 29 அன்னிக்கு ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டல்ல கூடி வடக்கத்திக் கிளப்புங்க பிரிஞ்சுது. பிரிஞ்சவங்க ஆட்டம்தான் லீக், 15 பேரோட நின்ன பழைய ஆட்டம் யூனியன். பின்னி மில் சங்கு கேட்டு வளர்ந்த குடும்பத்துக்கு இதை விளக்கத் தேவையில்ல. பார்க்க வர்றவன் டிக்கெட் காசுதான் சம்பளம்னு ஆனதும் ஆட்டம் வேகமா இருக்கணும்னு 1906ல ஆளை 13 ஆக்குனாங்க, காலால உருட்டுற முறையும் அப்போ வந்ததுதான். ஆறு டாக்கிள் கணக்கு ரொம்பப் பின்னாடி வந்தது.

டூர் விஷயம். முதல் கங்காரூஸ் 1908-09ல கப்பல்ல போனாங்க. அவ்வளவு நாள் கடல்ல போயிட்டு மூணு மேட்ச் ஆடித் திரும்பினா செலவு கட்டுமா? அதான் வாரத்துக்கு ரெண்டு ஆட்டம், நடுவாரத்துல ஊர்க் கிளப்போட, வார இறுதியில பெரிய ஆட்டம். டிக்கெட் வசூல்லதான் டூர் ஓடணும். முதல் டெஸ்ட் லண்டன்ல 22-22 டிரா. பிளேன் வந்த பிறகும் பழக்கம் மாறல. 1982ல 28 பேர் போய் பிரிட்டன்ல 15, பிரான்ஸ்ல 7, மொத்தம் 22ம் ஜெயிச்சாங்க. 1986லயும் ஒண்ணுகூடத் தோக்கல. 1990ல லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல 19-12, 1994ல அதே வெம்ப்ளியில 8-4, ரெண்டு டூர்லயும் முதல் டெஸ்ட்ல மட்டும் அடி வாங்கினாங்க. அந்த 1994 ஆட்டத்தைப் பசங்களுக்குக் கட்டாயம் காட்டுங்க. ஷான் எட்வர்ட்ஸை ரெட் கார்டுல அனுப்பின பிறகு பிரிட்டன் 12 பேரை வச்சே ஜெயிச்சது.

அந்த டூருங்க செத்ததுக்குக் காரணம் கிளப் காலண்டர். 1996ல பிரிட்டிஷ் ஆட்டம் குளிர்காலத்துலேருந்து கோடைக்கு மாறிடிச்சு. முன்னாடி ஆஸ்திரேலியா சீசன் முடிஞ்சு போறப்ப அங்க கிளப்புங்க நடு சீசன்ல இருக்கும், நடுவார எதிராளி ரெடியா கிடைப்பான். இப்போ ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல முடியுது, கிளப் ஆளுங்க லீவுல போயிடறாங்க. 2025ல என்.ஆர்.எல். ஃபைனல் அக்டோபர் 5, வெம்ப்ளி டெஸ்ட் 25. நடுவுல இருபதே நாள். அதுக்குள்ள ஆள் எடுத்து, ஒரு நாள் முழுக்கப் பறந்து, 10 மணி நேர வித்தியாசத்துக்குத் தூக்கத்தையும் மாத்தணும். அதுக்கே ஒரு வாரம் போயிடும். அப்புறமும் 26-6, லிவர்பூல்ல 14-4, லீட்ஸ்ல 30-8, மூணும் அவங்களுக்கே. 2003க்கு அப்புறம் நடந்த முதல் ஆஷஸ் (ரெண்டு பக்கமும் மோதுற டெஸ்ட் தொடரோட பேரு) அது. பிரிட்டன் கடைசியா ஆஷஸ் ஜெயிச்சது 1970ல.

முல்லைநகர்_கோல்போஸ்ட்
சூப்பர்ணே, கூலி மேட்டர் தெரியாது. அடுத்த தடவை லைவாவே காட்டணும்னா டைம் எப்படிக் கணக்குப் போடறது? கிரவுண்டு பத்தி யாரும் சொல்லலையே.

தண்டையார்பேட்டை_டேப்
டைம்ல ஏமாறுவீங்க, பாத்துக்கோங்க. இங்கிலாந்துல அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. அங்க மதியம் 2.30 ஆட்டம்னா அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நமக்கு சாயங்காலம் 7, அதுக்கப்புறம் 8. 2025ல மாறினது 26ஆம் தேதி, அதாவது முதல் டெஸ்ட்டுக்கு மறுநாள். ஒரே தொடர்ல ரெண்டு கணக்கு.

கிரவுண்டு: கட்டாந்தரையில டாக்கிள் வேணவே வேணாம். கீழ விழுந்தா முட்டி, தோள், தலை எல்லாம் போகும். டச் ஆட்டம் போதும், பக்கத்துக்கு 6 பேர், முழு அளவுன்னா 70க்கு 50 மீட்டர். உங்க ஃபுட்பால் கிரவுண்டுல பாதியை எடுத்தாப் போதும். ஆறு தடவை தொட்டா பந்து கை மாறும். தொட்டானா தொடலையான்னு சண்டை வரும், அதனால இடுப்புல ரெண்டு பக்கமும் துணிப்பட்டை சொருகி உருவ விடுங்க. பழைய புடவையில 40 செ.மீ. கிழிச்சு, 10 செ.மீ. ஷார்ட்ஸ் எலாஸ்டிக்குள்ள போனாப் போதும். முடிச்சு மட்டும் போடாதீங்க, உருவுறவன் விரல் மாட்டிச் சுளுக்கும், இல்லன்னா ஷார்ட்ஸோட வந்துடும்.

ஃபுட்பால் பசங்களுக்குப் பிரச்சனை ஒண்ணே ஒண்ணு: கூட ஆடுறவன் பந்து வச்சிருக்கறவனுக்கு முன்னாடி ஓடிடுவான். இங்க பந்தைக் கையால பின்னாடியோ நேர் பக்கத்துலயோதான் தரலாம். நாலு பேரை 5 மீட்டர் இடைவெளியில சாய்வா நிறுத்துங்க, ஒவ்வொருத்தனும் முன்னாடி இருக்கறவனைவிட ரெண்டு அடி பின்ன. 20 மீட்டர் ஓடுறதுக்குள்ள பந்து இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் போகணும். முதல் வாரம் நடையிலயே செய்ய விடுங்க. ஓட விட்டா சாய்வு கலைஞ்சு நேர்க்கோடா ஆயிடும், அப்புறம் எல்லா பாஸும் முன்னாடிதான் போகும்.

பந்து 10 வயசுக்குக் கீழ 3ஆம் நம்பர், அதுக்கு மேல 14 வரைக்கும் 4. லீக் பந்துன்னு அலையாதீங்க, யூனியன் பந்தே போதும், முனை கொஞ்சம் மழுங்கலா இருக்கும், அவ்ளோதான். நவம்பர்ல ஆரம்பிக்காதீங்க, உங்க ஏரியாவுல தண்ணி நிக்கும். பொங்கல் கழிச்சு காலைல 6 மணிக்கு வைங்க, வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சுடலாம்.

ராயபுரம்_ரைடு
டேப் சொன்ன துணிப்பட்டையில ரெண்டு டீமுக்கும் வேற வேற கலர் போடுங்க. உருவினவன் கையில இருக்கிறது யார் பட்டைன்னு விசில் ஊதினப்புறம் தேடிட்டிருந்தா ஆட்டம் நின்னுடும்.