ஒன்பது பேர், ஒரே மீட்டர்: பில் ஏறியதற்கு யார் காரணம்?

கேள்வி: நோட்டுக்காரன்

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். கரண்ட், தண்ணீர், கேஸ், இன்டர்நெட் என்று எல்லா பில்லையும் 12 வருடமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன் (அப்பா ஆரம்பித்த பழக்கம், விட மனசு வரவில்லை). போன வாரம் புரட்டினால் மொத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகியிருக்கிறது, ஆனால் ஆள் எண்ணிக்கை அன்றும் ஒன்பது, இன்றும் ஒன்பது. பெரியவர்கள் பிள்ளைகளின் ஷவரைச் சொல்கிறார்கள், பிள்ளைகள் பழைய ஃப்ரிட்ஜைக் காட்டுகிறார்கள். வீட்டில் தினமும் பஞ்சாயத்துதான். இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: அரை யூனிட்

முதலில் தொகையை மறந்துவிட்டு யூனிட்டை எழுதுங்கள். விலை ஏறியது ஒரு கதை, நீங்கள் செலவழித்தது இன்னொரு கதை, நோட்டில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது.

ஆள் எண்ணிக்கை மாறவில்லை என்கிறீர்கள், சரி, ஆனால் 12 வருடம் முன்பு நாலு வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது பதினாறு இல்லையா? அன்று ஒரு வாளியில் குளித்த பிள்ளைதான். 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் போகும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர், அதாவது இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஹீட்டர் கரண்டில் ஓடினால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மன்னிக்கவும் பிள்ளைகளே.

பதில்: மூன்றாம் மாடி

ஷவர் மட்டும் இல்லைங்க. பல இடங்களில் கட்டணம் படிப்படியாக ஏறும், அதிகம் செலவழித்தால் அடுத்த யூனிட்டுக்கு விலை கூட. ஒன்பது பேர் ஒரே மீட்டரில் இருந்தால் மலிவான முதல் படி சில நாளிலேயே தீர்ந்துவிடும், அதே ஒன்பது பேர் மூன்று வீடாகப் பிரிந்து இருந்தால் மூன்று முதல் படி கிடைக்கும். சேர்ந்து இருப்பதற்கு அபராதம் மாதிரி! எனக்கு இது இன்றுவரை எரிச்சல்தான். உங்கள் ஊரில் இந்த முறை இருக்கிறதா என்று பில்லின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

பதில்: கணக்குப் பிள்ளை

அபராதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஃப்ரிட்ஜ், கூடத்து விளக்கு, இன்டர்நெட் எல்லாம் ஒருவர் இருந்தாலும் ஓடும், ஒன்பது பேர் இருந்தாலும் ஓடும். வெவ்வேறு அளவுக் குடும்பங்களின் வருமானத்தை ஒப்பிட ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கும் ஒரு முறை உண்டு. அதாவது ஒன்பது பேரின் செலவு ஒருவர் செலவைப் போல மூன்று மடங்குதான், ஆறு பேருக்கு ஏறக்குறைய 2.45, நாலு பேருக்கு இரண்டு. தோராயம்தான், குடிநீருக்கும் குளியலுக்கும் சரிவராது. ஆனால் மூன்று பேர் வேலைக்கென்று வெளியூர் போனால் பில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று நம்பி உட்காராதீர்கள், இந்தக் கணக்கில் 18 சதவீதம்தான் குறையும்.

அப்புறம் ஒன்று, தண்ணீர் பில் திடீரென்று எகிறிய மாதம் ஏதாவது உண்டா? ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு கலர் விட்டு, கால் மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் பாருங்கள். கோப்பையில் நிறம் வந்தால் ஒழுகுகிறது.

நோட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பழைய பில்களைத் தேடி இரவு ஒரு மணி வரை யூனிட்டை எழுதினேன். கரண்ட் யூனிட் ஒன்றரை மடங்காகத்தான் ஆகியிருக்கிறது, மீதி ஏற்றம் விலையும் படியும். ஏழாம் வருடத்தில் தண்ணீர் மட்டும் திடீரென்று ஏறி, அப்படியே இறங்காமல் நிற்கிறது. காலையில் கலர் விட்டுப் பார்த்தேன். கீழ் பாத்ரூம் கோப்பை பத்தே நிமிடத்தில் நீலம். பழி சுமந்த பிள்ளைகள் இப்போது என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள், அதாவது என்னைக் கேட்கச் சொல்கிறார்கள். ஷவர் கணக்கை இன்னும் அவர்களிடம் காட்டவில்லை.