ஈஸ்ட் செல் பிரியும்போது சவ்வு லிப்பிட் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் உதவுங்கள்
வணக்கம். ஒரு வாரமாக இதிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தவரை, பிஏஎச்1 என்ற நொதி லிப்பிட்களுக்கு மூலப்பொருளான பாஸ்பாட்டிடிக் அமிலத்தைச் சேமிப்புக் கொழுப்பின் பக்கம் தள்ளுகிறது; செல் பிரிவை நடத்தும் சிடிகே1 என்ற நொதி பிஏஎச்1 மீது பாஸ்பேட்டை ஒட்டினால் அதன் வேகம் அடங்கிவிடும், அப்போது மிஞ்சும் அமிலம் சவ்வு லிப்பிடாகிறது, கூடவே ஓப்பி1 என்ற தடுப்பான் எண்டோபிளாச வலையிலேயே பிடிபட்டுக் கிடப்பதால் சவ்வு லிப்பிட் தயாரிக்க உதவும் ஐஎன்ஓ1 போன்ற மரபணுக்களும் வேலையைத் தொடங்குகின்றன. அதே சிடிகே1 டிஜிஎல்4 என்ற லிப்பேஸை முடுக்கிவிட்டு, சேமித்த கொழுப்பையும் உடைக்க வைக்கிறது. ஒரு வாசலை அடைத்து இன்னொன்றைத் திறக்கிற இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஈஸ்டில் உட்கரு உறை உடையாமலே பிரிவு நடக்கிறது. உட்கருவை ஒரு கோளம் என்று வைத்துக்கொண்டால், அது கன அளவு மாறாமல் இரண்டு சம கோளங்களானால் பரப்பு சுமார் 26% கூட வேண்டும். அந்தக் கூடுதலில் புதிதாக உருவானது எவ்வளவு, கொழுப்புத் துளிகளிலிருந்து வந்தது எவ்வளவு என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஆல்பா ஃபேக்டர் என்ற ஈஸ்ட் இனச்சேர்க்கை ஹார்மோனால் செல்களைப் பிரிவுச் சுழற்சியின் தொடக்கமான ஜி1 கட்டத்தில் நிறுத்தி, விடுவிக்கும்போது செருலெனின் என்ற மருந்தைக் கொடுத்துக் கொழுப்பு அமில உற்பத்தியை முடக்கினால் போதுமா, இல்லை கதிரியக்க அசிட்டேட்டை வைத்துத் தொடர வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.